சிட்டிபாபுவின் மூசையில் ஒன்பது மணி நேரம்

பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண் வீடு பெருக்கினால் உள்பக்கமாகத்தான் பெருக்குவாள். தெருப்பக்கம் ஒரு தூசியைக் கூடத் தள்ளமாட்டாள். சுவரோரத்திலிருந்து துடைப்பம், நெய்பவர் காலை விடும் தறிக்குழி வரைக்கும் வரும். குழியோரத்தில் குவிந்ததை முறத்தில் அள்ளி, மூலையில் இருக்கும் பழைய பிஸ்கட் டின்னில் கொட்டுவாள். அதில் பட்டுப் பிசிறு இருக்கும், தலைமுடி இருக்கும், செத்த எறும்பு இருக்கும். கூடவே அறுந்த ஜரிகைத் துணுக்கும் இருக்கும். ஜரிகை என்றால் வெள்ளி, அதன்மேல் பொன் முலாம். அதைத் தெருவில் கொட்ட எவளுக்கு மனசு வரும்? அமாவாசைக்கு அமாவாசை சிட்டிபாபு தன் பழைய மொபெட்டில் வந்து, ஏழு தெருக்களின் டின்களையும் சாக்கில் கவிழ்த்துக்கொண்டு போவார். எரித்து, உருக்கி, வெள்ளியைப் பிரித்தெடுப்பது அவர் தொழில். அமாவாசையன்று யாரும் தறியில் உட்காருவதில்லை. வீட்டை மூலைமுடுக்கெல்லாம் பெருக்கிக் கழுவுகிற நாளும் அதுதான்.

கலைவாணிக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஐந்து வயதில் கையில் துடைப்பம் வந்தபோதே கைக்குத் திசை தெரிந்திருந்தது. முப்பத்தைந்து வயதில், ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, சென்னையில் பத்து வருடமாகப் பகுதிநேர ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த போதும் அந்தக் கை அதே திசையில்தான் பெருக்கியது. அவளைக் கவிழ்த்ததும் அந்தக் கைதான். வேறு யார்மேலும் பழி போட அவளுக்கு வழியே இல்லாமல் போயிற்று, பாவம்.

அவள் பரமசிவத்துக்கும் இந்திராணிக்கும் மூத்த பெண். வீட்டில் இரண்டு தறி. ஒரு பாவு நெய்து முடிந்ததும் அடுத்த பாவின் இழைகளைப் பழைய இழை நுனிகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். பிணைப்பது என்பார்கள். நாலாயிரத்துச் சொச்சம் இழை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அவள் பிணைத்தால் ஒன்றுகூட அவிழாது. கல்லூரியில் முதல் வருடம், சோதனைக்கூடத்தில் உப்பளவுகூட இல்லாத ஒரு படிகத்தை ஊசியால் தூக்க முடியாமல் ஆசிரியரே தடுமாறியபோது, இவள் தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி, நுனியை நாக்கில் தொட்டு, படிகத்தை அலாக்காகத் தூக்கிக் கண்ணாடிமேல் வைத்தாள். வகுப்பே கைதட்டியது. படிகங்களை விட்டு அவள் அப்புறம் விலகவே இல்லை.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் டாண்டலம். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனுக்குள் அது கடுகளவு இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்க நமக்கு எங்கே நேரம்? பூமிக்கடியில் கருங்கல் குழம்பாக இருந்து ஆறும்போது, குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் முதலில் உட்கார்ந்துவிடுகின்றன. தங்களுக்கு வேண்டிய தனிமங்களைச் சேர்த்துக்கொள்கின்றன. டாண்டலம், நையோபியம், வெள்ளீயம் மாதிரியானவற்றுக்கு அந்தப் பந்தியில் இடம் கிடைப்பதில்லை. இடம் கிடைக்காதவை எல்லாம் கடைசியாக மிஞ்சுகிற கொஞ்சம் குழம்பில் சேர்ந்து, பாறையின் விரிசல்களுக்குள் போய் உறைகின்றன. அந்தப் பாறைக்குப் பெக்மடைட் என்று பெயர்.

மைக்கா தோண்டிக் கைவிட்ட ஒரு குழியிலிருந்து, தெற்கே ஒரு மலையடிவாரத்தில், அவள் மூட்டை மூட்டையாகப் பெக்மடைட்டை அள்ளி வந்தாள். இடித்து, சலித்து, கழுவி, காந்தம் காட்டி, கடைசியில் கையில் நின்றது ஒரே ஒரு படிக மணி. கடுகில் பத்தில் ஒரு பங்கு. கறுப்பு; வெளிச்சத்தில் காட்டினால் ஓரத்தில் செம்பழுப்பு. ஒரு மூலையில் பாக்குவெட்டியால் சீவினது போல ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். திரும்பப் போய் இன்னொன்று தேடலாம் என்றால், அதற்குள் அந்தக் குழியை மூடி மனைப்பிரிவு போட்டு, வாசலில் வளைவும் கட்டிவிட்டார்கள்.

அந்த மணிக்குள்தான் அவளுடைய பத்து வருடமும் இருந்தது. விஷயம் இவ்வளவுதான். அதன் உள்ளே டாண்டலம், நையோபியம், வெள்ளீயம், மாங்கனீஸ் இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு ஆக்ஸிஜன். அந்த அறுவர் கூட்டங்கள் ஒன்றோடொன்று விளிம்பு தொட்டு நெளிநெளியாகச் சங்கிலி போட்டுக்கொண்டு போகும். பூமி அவசரப்படாமல் ஆறியிருந்தால் மாங்கனீஸுக்கு ஓர் இடம், வெள்ளீயத்துக்கு ஓர் இடம், டாண்டலத்துக்கு ஓர் இடம் என்று எல்லாம் வரிசையாக அமர்ந்திருக்கும். அதற்கு வோட்ஜினைட் என்று பெயர். இவளுடைய மணியில் அப்படி இல்லை. எவர் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்த பந்தி அது. இக்ஸியோலைட் என்பார்கள். குழம்பு சட்டென்று ஆறியதால் இடம் பார்த்து உட்கார நேரமே இருந்திருக்காது. அந்தக் குழியின் பாறை மெதுவாக ஆறியது என்று இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் தவறு என்று இந்த ஒரு மணி சொன்னது.

எக்ஸ்ரேயை அந்த மணியின்மேல் பாய்ச்சினால் படத்தில் புள்ளிகள் விழும். எல்லாம் அவரவர் இடத்தில் இருந்தால் பெரிய புள்ளிகளுக்கு நடுவில் மங்கலாகச் சின்னப் புள்ளிகளும் தெரியும். இவளுடைய படங்களில் சின்னப் புள்ளி ஒன்றுகூட இல்லை. ஆனால் பதினான்கு படம் எடுத்ததுமே பல்கலைக்கழகத்துப் பழைய கருவி படுத்துவிட்டது. படுத்தது எழுந்திருக்கவே இல்லை.

“பதினான்கு படம் போதாது. மங்கலான புள்ளி தெரியாததற்கு உங்கள் கருவியின் கோளாறுகூடக் காரணமாக இருக்கலாம். இது வோட்ஜினைட்டாகத்தான் இருக்கும். முழுத் தரவோடு வாருங்கள்” என்றது ஆராய்ச்சிக் குழு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவளே அந்த இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள். பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வெள்ளிக்கிழமை வாங்கினாள். ஆய்வேட்டை ஒப்படைக்கக் கடைசி நாள் அந்த மாதம் முப்பதாம் தேதி. நீட்டிப்பு மூன்று முறை வாங்கியாயிற்று. இனிமேல் நீட்டிப்பு கிடையாது, பதிவு தானாகவே ரத்தாகும் என்று கடிதமும் வந்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் அமாவாசை.

மணியை ஒரு கண்ணாடி இழையின் நுனியில் பசை தொட்டு ஒட்டி, இழையின் அடியைக் களிமண்ணில் குத்தி, சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தாள். மத்தியானம் பெங்களூர் பஸ். காலை ஆறு மணிக்குத் தறிக்குப் பக்கத்து ஜன்னலில் நல்ல வெளிச்சம் விழுந்தது. ஒருமுறை பார்த்துக்கொள்ளலாமே என்று டப்பாவைத் திறந்து, இழையை எடுத்து, லென்ஸை வைத்துப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பெற்ற பிள்ளை தூங்கும்போது தொட்டுப் பார்க்கிற தாய்மார்களுக்கு என்ன அவசியம் இருக்கிறது? அதே பைத்தியம்தான் இதுவும்.

“கலை, தண்ணி வந்துடுச்சி, குடத்த எட்துக்கினு வா” என்று வாசலிலிருந்து இந்திராணி கத்தினாள்.

இழையைத் திருப்பி டப்பாவுக்குள் வைத்தபோது அவளுடைய துப்பட்டாவின் ஜரிகைக் கரை ஒரு நொடி அதன்மேல் உரசியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. டப்பாவை மூடினாள். தண்ணீர் பிடித்தாள். பிறகு, அமாவாசை ஆயிற்றே என்று துடைப்பத்தை எடுத்து, ஜன்னலோரத்திலிருந்து தறிக்குழி வரைக்கும் தரையை நறுவிசாகப் பெருக்கி, முறத்தில் அள்ளி, டின்னில் போட்டாள். ஏழரை மணிக்கு மொபெட் சத்தம் கேட்டதும் அவளே டின்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

“இன்னாமா, இன்னிக்கு டீச்சரே எட்தாறாங்க?” என்றார் சிட்டிபாபு.

“சீக்கிரம் கவுத்துக்குங்கண்ணா, ஊருக்குப் போவணும்” என்று சிரித்தாள்.

பன்னிரண்டு மணிக்குப் பையை அடுக்கும்போது டப்பாவைத் திறந்தாள். கண்ணாடி இழை நின்றுகொண்டிருந்தது. அதன் தலையில் ஒன்றும் இல்லை.

முதலில் டப்பாவுக்குள் தேடினாள். களிமண்ணைப் பிய்த்துத் தேடினாள். ஜன்னல் விளிம்பில், பாயில், துப்பட்டாவில், தன் தலைமுடியில் தேடினாள். தரையில் மண்டியிட்டு லென்ஸோடு ஊர்ந்தபோதுதான் தரை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது. மூலையில் பிஸ்கட் டின் வெறுமையாகக் கவிழ்ந்து கிடந்தது.

செருப்புகூடப் போடாமல் தம்பியின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினாள். வேகவதி ஆற்றைத் தாண்டி, திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில், வயலோரமாக சிட்டிபாபுவின் தகரக் கொட்டாய். தூரத்திலிருந்தே ஊதுகுழாய் மோட்டாரின் சத்தம் கேட்டது.

“அண்ணா, எங்க வூட்டு சரக்கு எங்க?”

சிட்டிபாபு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த இடுக்கியால் அடுப்பைக் காட்டினார். கரி வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. நடுவில், உருக்குவதற்கு வைக்கும் மண்பாத்திரம், மூசை, கழுத்து வரைக்கும் கரியில் புதைந்து சிவந்து நின்றது.

“எல்லாத்தையும் கொளுத்தி, சாம்பல ஒண்ணா கொட்டி, பத்து மணிக்கே ஏத்திட்டேனேமா. இன்னா விசயம்? மூக்குத்தி கீக்குத்தி உழுந்துடுச்சா?”

“ஒரு கல்லுண்ணா. கறுப்பா, இத்துனூண்டு.”

“வைரமா?”

“இல்லண்ணா. எறக்குங்க. இப்பவே எறக்குங்கண்ணா, உங்க கால்ல உழுறேன்.”

அவர் பதறிப் பின்னால் நகர்ந்தார். அவள் உண்மையாகவே விழப்போனாள்.

“இன்னாமா நீ! ஏழு தெரு சரக்கு உள்ள கெடக்குது. பாதி கொதியில எறக்கி காத்து பட்டுச்சின்னா மூசை வெடிச்சிரும். அப்புறம் உன் கல்லும் சேந்து நெருப்புல கொட்டிப்புடும். கொஞ்சம் யோசிமா. கல்லு நெருப்புல இன்னா ஆவப்போவுது? கல்லு கல்லாத்தான் இருக்கும். சாயங்காலம் எறக்கினதும் நானே தேடித் தரேன்.”

அவர் சொன்னது அத்தனையும் சரி. கல் உருகாது. வெள்ளி உருகுகிற சூட்டுக்கு மேல் இன்னும் அரை மடங்கு கொடுத்தாலும் அசையாது. அமிலத்தில் போட்டாலும் கரையாது. கனமான கல்தான், ஆனாலும் உருகிய வெள்ளி அதைவிடக் கனம் என்பதால் மேலே மிதந்து வந்து கசடில் ஒட்டிக்கொள்ளும். முழுசாகக் கிடைத்துவிடும். அதுதான் கொடுமை. உருகித் தொலைந்திருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு விட்டிருப்பாள்.

ஆயிரம் டிகிரியில் அந்த மணிக்குள் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி அவளே ஒரு அத்தியாயம் எழுதியிருக்கிறாள். அந்தச் சூட்டில் அணுக்கள் நகரத் தொடங்கும். மாங்கனீஸ் தன் இடத்தைத் தேடிப் போய் உட்காரும். வெள்ளீயம் தன் இடத்துக்குப் போகும். டாண்டலம் தன் இடத்துக்கு. பூமி கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் அவசரத்தில் கலைத்துப்போட்டதை, இந்தக் கரியடுப்பு ஒரே பகலில் அடுக்கி வைத்துவிடும். அப்புறம் அந்த மணி இக்ஸியோலைட்டாக இருக்காது. குழம்பு சட்டென்று ஆறியது என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி, வாய் திறக்காமலே வேறு ஆளாக மாறிவிடும்.

அவள் எழுந்து போய் மோட்டாரின் சுவிட்சை அணைத்தாள். சத்தம் நின்றது. கரி மெல்லச் சிவப்புக்கு இறங்கியது. சிட்டிபாபு இடுக்கியைக் கீழே வைத்தார். கோபித்துக்கொள்ளவில்லை. மெதுவாக நடந்து வந்து சுவிட்சைப் போட்டார்.

“வேணாம்மா. ஏழு தெரு பொம்பளைங்க என்னைய நம்பிக் குடுத்தது. உக்காரு. டீ வாங்கியாறேன்.”

அவள் உட்கார்ந்தாள். டீயைக் குடிக்கவில்லை. ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பெங்களூர் பஸ் போயிருக்கும். கரண்ட் போகட்டும் என்று வேண்டினாள். நாள் தவறாமல் கரண்ட் போகிற அந்தப் பக்கத்தில் அன்றைக்குப் பார்த்து ஒரு நொடி கூடப் போகவில்லை. ஏகாம்பரநாதரை வேண்டினாள். சாமியிடம் எல்லோரும் எல்லாம் ஒழுங்காகட்டும் என்று வேண்டுவார்கள். இவள் ஒழுங்காகிவிடக் கூடாது என்று வேண்டினாள். இந்த வேண்டுதலை அவர் எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வது? இன்னும் ஒரு மணி நேரத்துக்குள் இறக்கினால் பாதியாவது பிழைக்கும் என்று மூன்று மணிக்கு நினைத்தாள். நான்கு மணிக்கு, கால்வாசியாவது என்று நினைத்தாள். ஐந்து மணிக்குப் பிறகு நினைப்பதை நிறுத்திவிட்டாள். அழுகையும் வரவில்லை.

ஏழு மணிக்கு சிட்டிபாபு மூசையை இறக்கினார். ஒன்பது மணி நேரம்.

வெள்ளி கீழே கட்டியாக நின்றது. உருகுவதற்குப் போட்ட வெண்காரத்தில் அழுக்கெல்லாம் சேர்ந்த கசடு, பச்சைக் கண்ணாடி போல மேலே படர்ந்து உறைந்திருந்தது. அவர் அதைச் சுத்தியலால் தட்டிப் பெயர்த்து, ஒரு துணுக்குகூட விடாமல் சிமெண்டுப் பையில் போட்டுக் கொடுத்தார். அதில் சிக்கிய வெள்ளிக் குண்டுமணிகளுக்காக அவர் எப்போதும் கசடை இடித்துச் சலிப்பவர். அன்றைக்கு அதை அப்படியே அவளுக்கு விட்டுவிட்டார்.

வெண்காரக் கண்ணாடி கொதிநீரில் கரையும். இரண்டு நாள் இந்திராணியின் பால் பாத்திரத்தில் கசடு கொதித்தது. அடியில் தங்கியதையெல்லாம் வெள்ளைத் துணியில் வடிகட்டி, பரப்பி, கலைவாணி லென்ஸால் பார்த்தாள். கரித் துகள், செங்கல் பொடி, வெள்ளிக் குண்டு, மறுபடியும் கரித் துகள். சனிக்கிழமை சாயங்காலம் அது கண்ணில் பட்டது. ஓரங்கள் கொஞ்சம் மழுங்கியிருந்தன. ஆனால் அந்த மூலையில், பாக்குவெட்டியால் சீவினது போல, அதே சில்லு.

இந்திராணி கச்சபேஸ்வரர் கோயிலுக்கு ஓடி ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை தவறிப்போனதைச் சொல்லி மறுபடி கெஞ்சியதில், பெங்களூர் ஆய்வகத்தில் திங்கட்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். கருவியைப் பார்த்துக்கொண்டவன் பெயர் இளவரசன், ஆற்காட்டுக்காரன், சின்ன வயது. தமிழ் கேட்ட சந்தோஷத்தில் அவளுக்கு நாற்காலி எல்லாம் போட்டான். மணியைப் புது இழையில் ஒட்டிக் கருவிக்குள் வைத்தார்கள். திரையில் படம் படமாக வரத் தொடங்கியது.

பெரிய புள்ளிகள். அவற்றுக்கு நடுவில், மங்கலாக, ஆனால் ஒன்றுகூடத் தவறாமல், சின்னப் புள்ளிகள். எல்லாம் அவரவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தன.

“சூப்பர் கிறிஸ்டல் மேடம்! இவ்ளோ கிளீனா நான் பாத்ததே இல்ல. வோட்ஜினைட் தானே? பப்ளிஷ் பண்ணிட வேண்டியதுதான்” என்றான் இளவரசன்.

பிறகு ஒரு படிவத்தை நீட்டினான். அதில் ஒரு வரி இருந்தது. மாதிரி இயற்கையானதா, சூடேற்றப்பட்டதா? இரண்டு கட்டம். ஒன்றில் குறி போட வேண்டும்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். முதல் கட்டத்தில் ஒரு குறி. அவ்வளவுதான் வேண்டும். குழுவே முன்பு வோட்ஜினைட்டாகத்தான் இருக்கும் என்றது. வாயெல்லாம் பல்லாக ஒப்புக்கொள்ளும். அபூர்வமான கனிமம், குறையில்லாத தரவு, முப்பதாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள். டாக்டர் கலைவாணி. மூசையின் கதை தெரிந்தவர்கள் உலகத்தில் அவள் வீட்டாரும் சிட்டிபாபுவும்தான். அவர்களில் யாரும் அவளுடைய ஆய்வேட்டைப் புரட்டிப் பார்க்கப் போவதில்லை. கை முதல் கட்டத்தின் மேலேயே நின்றது. அவளுக்கு ஆசையாக இருந்தது. அதை மறைப்பானேன்? தண்ணீர் தாகம் மாதிரி ஆசையாக இருந்தது.

ஆனால் அப்படிக் குறி போட்டால் அந்தக் குழியின் பாறை மெதுவாக ஆறியது என்று ஆகும். அந்த மணி அவளிடம் பதினான்கு படங்களில் சொன்னதற்கு நேர் எதிரான பொய். அதை அந்த மணியின் வாயாலேயே சொல்ல வைப்பதாகும். கரியடுப்பு அதைச் செய்தது தெரியாமல். இவள் செய்தால் தெரிந்து.

இரண்டாவது கட்டத்தில் குறி போட்டாள்.

இளவரசன் குழம்பிப்போனான். “ஹீட் பண்ணீங்களா? எதுக்கு மேடம்? டெம்பரேச்சர் எவ்ளோ?”

“தொள்ளாயிரத்து அறுவத்தி ஒண்ணுக்கு மேல. வெள்ளி உருகிச்சி.”

“டைம்?”

“ஒன்பது மணி நேரம்.”

“ஃபர்னஸ் எந்த மேக்?”

“கரியடுப்பு” என்றாள். அவன் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

முப்பதாம் தேதி வந்தது, போயிற்று. நடந்ததை நடந்தபடியே எழுதி அவள் குழுவுக்கு அனுப்பியிருந்தாள். சூடேற்றுவதற்கு முன் உள்ள நிலைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. பதிவு ரத்து என்ற கடிதம் அடுத்த வாரம் தபாலில் வந்தது. அதைத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பிரித்தாள். பரமசிவம் தறியை நிறுத்திவிட்டு வெளியே போனார். இந்திராணி மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“கல்லுதான் கெடச்சிச்சேமா. முழுசா கெடச்சிச்சி. அப்புறம் இன்னாத்துக்கு இப்டி அழுவுற?”

“கெடச்சிச்சிமா. ஆனா முன்ன மாதிரி இல்ல. முன்ன உள்ள இருக்கறது எல்லாம் கலஞ்சி எங்கெங்கியோ உக்காந்துக்கினு இருந்துச்சி. இப்ப சூட்டுல எல்லாம் அதது அதனதன் எடத்துக்குப் போயி உக்காந்துடுச்சி.”

இந்திராணி யோசித்தாள். மகளின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்: “அதது அதனதன் எடத்துல உக்காந்தா நல்லதுதானே கண்ணு?”

கலைவாணி கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

அடுத்த அமாவாசைக்கு அவள் துடைப்பத்தைத் தொடவில்லை. இந்திராணிதான் பெருக்கினாள். ஏழரை மணிக்கு மொபெட் சத்தம் கேட்டது. சிட்டிபாபு டின்னைக் கவிழ்த்த பிறகும் போகாமல் வாசலில் நின்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார்.

“டீச்சர், கேள்விப்பட்டேன். பட்டம் தரலியாமே. அன்னிக்கு கெடச்சது உன்னுது இல்லதானே? வேற எதுவோ அது. உன்னுது என் கொட்டாயிலதான் எங்கனா கெடக்குதுன்னு மனசு சொல்லிக்கினே இருக்குது. இந்த மாசம் பூரா கொட்டாய் மண்ண அள்ளி அள்ளி சலிச்சேன். அந்தக் கசடு கொட்ற பள்ளத்தையும் நோண்டிட்டேன். கறுப்பா இருக்கறதெல்லாம் பொறுக்கி வெச்சிருக்கேன். ஒரு தபா பாத்துடுமா.”

தீப்பெட்டிக்குள் பஞ்சு மேல் இருபது, இருபத்தைந்து கறுப்புத் துணுக்குகள் இருந்தன. கரி, துரு, எரிந்த பித்தான் ஒன்றின் சில்லு. எதுவும் அவளுடைய மணி இல்லை என்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அன்றைக்குக் கிடைத்தது அவளுடையதுதான் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அந்தக் கிழட்டுக் கண்களின் இமையில் ஒட்டியிருந்த கரித்தூளைப் பார்த்ததும் சொல்ல முடியாமல் போயிற்று. உள்ளே போய் லென்ஸை எடுத்துக்கொண்டு வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் தீப்பெட்டியை வைத்து, ஒவ்வொரு துணுக்காகப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அவர் வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இல்லண்ணா” என்றாள்.

“பரவால்லமா. இன்னும் மேக்கால மூலை பாக்கி இருக்குது” என்று தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு சிட்டிபாபு மொபெட்டை உதைத்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு அமாவாசையும் அவர் தீப்பெட்டியோடு வருகிறார். அவளும் ஒன்று விடாமல் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாள்.